51 வயது, 23 வருட சர்வீஸ்: ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், என்ன செய்ய?

ஏழாம்_வார்டு
ஞாயிறு, இரவு 11:20

வணக்கம். டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51 வயது. டிப்ளமோ நர்சிங் படித்தவள். மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 2002-ல் சேர்ந்தேன், இன்றுவரை அதே இடம்தான். சின்னவள் பிறந்தபோது எடுத்த பிரசவ விடுப்பைத் தவிர இடைவெளியே கிடையாது. கடைசி ஒன்பது வருடமாக ஆண்கள் மெடிக்கல் வார்டில் இன்சார்ஜ். ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் ஐயா போன வருடம் வயதாகி ஒதுங்கிக்கொண்டார், ஆஸ்பத்திரி கைமாறியது.

புது நிர்வாகம் வந்த மூன்றாம் மாதம் கேஸ் ஷீட்டை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தார்கள். பி.பி., பல்ஸ், எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது எல்லாவற்றையும் அதில்தான் ஏற்ற வேண்டும். எனக்கு அது வேகமாக வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விரலால் தட்டித் தட்டி ஒரு ரவுண்டு முடிப்பதற்குள் அடுத்த மருந்து நேரம் வந்துவிடும். மருந்தை ஒரு நாளும் தாமதிக்கவில்லை. பதிவைத்தான் பிறகு உட்கார்ந்து ஏற்றினேன். அது கம்ப்யூட்டரில் 'லேட் என்ட்ரி' என்று சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பை எல்லாம் மாதக் கடைசியில் எண்ணி ஒரு தாளில் அச்சடித்து என் முன்னால் வைத்தார்கள்.

போன வியாழக்கிழமை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். என் மகனாக இருக்கக்கூடிய வயதுப் பையன். மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், இனிமேல் நைட் ஷிஃப்ட் எல்லோருக்கும் கட்டாயம், உங்களுக்கு முட்டிவலி வேறு இருக்கிறது, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு மாதச் சம்பளமும் நல்ல அனுபவச் சான்றிதழும் தருகிறோம்" என்றான். எழுதித் தராவிட்டால் என்று கேட்டேன். "அப்புறம் சான்றிதழில் என்ன எழுதுவது என்பது எங்கள் கையில்தானே மேடம்" என்றான். இந்த மாதக் கடைசிவரை நேரம். என்னோடு சேர்ந்த மூன்று பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்திக்கு வழியனுப்புகூட இல்லை, லாக்கர் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொன்னால்தான் என் மனசு உங்களுக்குப் புரியும். 80 வயதுப் பெரியவர், சர்க்கரை, உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிறார். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ட்ரிப் போட மூன்று இடத்தில் குத்திவிட்டாள், நரம்பு கிடைக்கவில்லை, கை எல்லாம் நீலம். அழாத குறையாக என்னிடம் வந்தாள். நான் வெந்நீரில் துண்டை நனைத்து அவர் முன்கையில் பத்து நிமிடம் சுற்றி வைத்தேன், கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டேன், கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரல் பக்கம் ஒன்று ரப்பர் மாதிரி அமுங்கி எழுந்தது. ஒரே குத்து. ட்ரிப் ஓட ஆரம்பித்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இது எதுவும் டேப்லெட்டில் ஏறாது.

சம்பளம் மொத்தம் 19,500, அதில் அடிப்படை 13,000. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அவருக்கும் சர்க்கரை. சின்னவள் பி.காம். இரண்டாம் வருடம்.

கையெழுத்துப் போடலாமா? போட்டால் அதற்குப் பிறகு என்ன வேலைக்குப் போவது? தங்கச்சி வீட்டுக்காரர் மெடிக்கல் கோடிங் படிக்கச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் ஹோம் நர்ஸ் ஏஜென்சி என்கிறார்கள், என் அம்மா பேசாமல் வீட்டில் இரு என்கிறாள். 51 வயதில் வேறு தொழில் கற்றுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பழைய_மேட்ரன்
திங்கள், காலை 6:05

தங்கச்சி, முதல் வேலையாக அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு ஸ்டாஃபிடம் இதே மாதிரிக் கடிதம் வாங்கிக் கொடுத்தவள் நான். கடிதத்தை நிர்வாகமே டைப் அடித்து வைத்திருக்கும். 'எனது சொந்தக் காரணங்களுக்காக' என்று தொடங்கும். கீழே பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். அந்த நான்கு பேரில் ஒருத்தி என் பேட்ச்மேட். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. அதனால்தான் இப்போது விடிந்ததும் எழுதுகிறேன்.

'சொந்தக் காரணம்' என்று நீ எழுதிக் கொடுத்த நிமிடத்தில் அவர்கள் உன்னை அனுப்பவில்லை, நீயாகப் போனாய் என்று ஆகிவிடும். இன்றைக்கே அந்தப் பையனுக்கு ஒரு மெயில் போடு. சண்டை வேண்டாம். "வியாழக்கிழமை என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்ற அளவில் நான்கு வரி போதும். ஒரு நகல் உன் சொந்த மெயிலுக்கும் போகட்டும்.

அடுத்தது கவுன்சில் பதிவு. தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரே இடத்தில் இருபது வருடம் இருந்தவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால். வேறு இடத்தில் போய் நிற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். காலாவதி ஆகியிருந்தால் உடனே புதுப்பித்துவிடு. ஒரிஜினல் சர்டிஃபிகேட் ஏதாவது ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் அதையும் எழுத்தில் திரும்பக் கேள். உன் படிப்புச் சான்றிதழைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.


சங்கத்து_ஆள்
திங்கள், காலை 9:48

மேட்ரன் அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் தொழிற்சங்கத்தில் பல வருடமாக இருப்பவன், பணக் கணக்கைச் சொல்கிறேன்.

அம்மா, பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி உங்களுக்கு எந்த வழியிலும் உண்டு. ராஜினாமா செய்தாலும் உண்டு, அனுப்பினாலும் உண்டு, ஐந்து வருடம் முடித்திருந்தால் போதும். கடைசி அடிப்படைச் சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26, அதை வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 13,000-க்கு வருடத்துக்கு 7,500 வருகிறது. 23 வருடத்துக்கு 1,72,500. பஞ்சப்படி தனியாக இருந்தால் அதையும் அடிப்படையோடு சேர்க்க வேண்டும், தொகை கூடும். இதைத்தான் பல இடங்களில் பேசாமல் விழுங்கிவிடுகிறார்கள். "ஒரு மாதச் சம்பளம் தருகிறோம்" என்று பெரிய மனது காட்டுகிறார்கள் அல்லவா, அதற்கு மேல் அவர்கள் தர வேண்டிய தொகை இது. எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும், தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், வட்டியும் உண்டு.

ஆள்குறைப்பு இழப்பீடு வேறு. நிர்வாகம் உங்களை அனுப்பினால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்திலும் இதுதான் இருந்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதுதான். உங்களுக்கு ஏறக்குறைய 2,24,000 வரும். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இந்தப் பணம் மொத்தமும் போய்விடும். அந்தக் கடிதத்துக்கு அவர்கள் ஏன் இத்தனை அவசரப்படுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? அது மட்டுமில்லை, ஆட்குறைப்பு என்றால் ஒரே வகை வேலையில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது சட்டம் சொல்லும் வழக்கம். 23 வருடக்காரரை அனுப்பிவிட்டுப் போன மாதம் வந்த பெண்ணை வைத்துக்கொண்டால் அதற்கான காரணத்தை எழுதிக் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரியும் தொழில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் சொல்லிவிட்டது. அவர்கள் பிடிக்கப்போவது வேறு இடத்தை. "இவர் இன்சார்ஜ், மேற்பார்வையாளர், தொழிலாளி கிடையாது" என்பார்கள். அதற்குத்தான் சொல்கிறேன், டூட்டி ரோஸ்டரில் உங்கள் பெயர் மற்ற ஸ்டாஃபோடு சேர்ந்து இருக்கும் பக்கங்கள், நீங்கள் மருந்து கொடுத்ததற்கு உங்கள் கையெழுத்து இருக்கும் தாள்கள், இவை எந்தத் தேதிகளில் எங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். நோயாளி விவரம் உள்ள எதையும் போட்டோ எடுக்க வேண்டாம், அது உங்களுக்கே வினையாகும். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை. பத்து வருடத்துக்கு மேல் இருப்பதால் உங்களுக்கு ஓய்வூதியம் உண்டு. 58-ல் முழுதாக வரும். 50-க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் ஆயுசுக்கும் குறையும். இப்போதே வாங்கினால் 28 சதவீதம் போய்விடும். வேறு வழி இருக்கும்வரை தொடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றது. இத்தனை வருடம் கழித்து 23 வருட அனுபவத்துக்கு 19,500 வாங்கும் உங்களைத்தான் வெளியே போகச் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.


ஐசியூ_நைட்
திங்கள், மதியம் 2:15

அக்கா, எனக்கு 26 வயது. நீங்கள் சொன்ன அந்த மூன்று முறை குத்திய பெண் நானாகவும் இருந்திருக்கலாம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடத்துக்கு முன்பு சீனியர் எல்லோரையும் இப்படித்தான் அனுப்பினார்கள். இப்போது நைட்டில் மூத்தவளே நான்தான். போன வருடம், கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு அக்கா கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு புதுப் பெண் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் எடுத்து, பாட்டிலில் கலக்காமல் நேராக லைனில் தள்ளப் போனாள். அக்கா மூன்றாவது பெட்டில் டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்தவர், ஆம்பூல் உடைந்த பிறகு பாட்டில் எடுக்கும் சத்தம் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். அது உள்ளே போயிருந்தால் இதயம் நின்றிருக்கும். அதை யாரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை, நடக்காத விஷயத்தை எதில் பதிவு செய்வது? இப்போது அந்த அக்கா இல்லாத நைட்டில் நான் ஒவ்வொரு ஆம்பூல் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

டேப்லெட் விஷயம் ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன். பெரும்பாலான மென்பொருளில் அடிக்கடி போடும் வரிகளை முன்கூட்டியே சேமித்து வைத்துத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம். உங்கள் பெண்ணிடம் தினமும் அரைமணி நேரம் உட்காருங்கள். இங்கே இருந்தாலும் வேறு எங்கே போனாலும் அது வேண்டும். அந்த 'லேட் என்ட்ரி' தாளை அவர்கள் கையில் ஆயுதமாக விட்டு வைக்காதீர்கள்.


கோவை_கோடர்
திங்கள், மாலை 5:30

மெடிக்கல் கோடிங்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் சிஸ்டர். நான் நர்சிங் முடித்து ஆறு வருடம் வார்டில் இருந்துவிட்டு இதற்கு வந்தேன். சென்னை, கோவை, திருச்சியில் கம்பெனிகள் இருக்கின்றன. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளி அறிக்கையைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும், அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுப் பணம் வரும். உட்கார்ந்து செய்கிற வேலை, முட்டிக்கு நல்லது. உடம்பமைப்பும் மருந்துப் பெயரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பி.காம். படித்து வருபவரைவிட நீங்கள் பல படி மேலே.


பழைய_மேட்ரன்
திங்கள், மாலை 6:10

தம்பி, நீ எந்த வயதில் போனாய்? 28, 29 இருக்குமா? 51 வயதில் ஒருத்தரை உங்கள் கம்பெனி புதிதாக எடுத்து நீ பார்த்திருக்கிறாயா, அதைச் சொல். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் 35,000 ரூபாய் கட்டி கோச்சிங் போனார்கள். வேலை நிச்சயம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். முடித்த பிறகு ஒரு இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.


கோவை_கோடர்
திங்கள், மாலை 6:41

29 அம்மா. நீங்கள் கேட்டது நியாயம்தான், எங்கள் டீமில் 40-க்கு மேல் புதிதாகச் சேர்ந்தவர் யாரும் இல்லை. கோச்சிங் பணம் கட்டுவதற்கு முன் கட்டாயம் யோசிக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறு ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளிலேயே இன்சூரன்ஸ் டெஸ்க் இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனியார் காப்பீடும் பார்க்கும் இடம். கேஸைப் படித்து முன் அனுமதிக்கு அனுப்புவது, அவர்கள் கேள்வி கேட்டால் பதில் எழுதுவது. அங்கே வயதான நர்ஸ்களைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் கேஸ் புரிந்தவர் எழுதினால்தான் பணம் மறுக்கப்படாமல் வரும். தொற்றுத் தடுப்பு நர்ஸ் வேலையும் அப்படித்தான், என்.ஏ.பி.ஹெச். தரச் சான்று வாங்கும் ஆஸ்பத்திரிக்கு அது கட்டாயம் தேவை. இன்னொன்று, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் சட்டப்படி ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், அதற்கு நர்சிங் ஆட்களும் வேண்டும். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கேட்டுப் பாருங்கள். மதுரையிலும் பெரிய மில்கள் உண்டு.


கதவு_தட்டுபவள்
திங்கள், இரவு 10:02

அக்கா, நான் 49 வயதில் மாறினேன். தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது 53.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். 20 வருடம் ஓ.டி.யில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. என்னையும் இப்படித்தான் அனுப்பினார்கள். எனக்கு இந்த மாதிரி எழுதிச் சொல்ல யாரும் இல்லாததால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பணமும் போனது. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பேருந்தில் வெள்ளைச் சீருடை போட்ட பெண் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பிறகு நோய்த்தணிப்பு வேலைக்கு, அதாவது குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் வேலைக்கு வந்தேன். கேரளத்தில் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் நர்ஸ்களுக்கென்றே பயிற்சி இருக்கிறது, நான் போனது ஆறு வாரம். வயதை யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் 17,000-க்கு இருக்கிறேன், வாரம் ஆறு நாள், நைட் கிடையாது. ஒரு வேன், ஒரு டிரைவர், நான், ஒரு பெட்டி. ஒரு நாளைக்கு ஆறு ஏழு வீடு.

போன வருடம் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனோம். மார்பில் புற்றுநோய் வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வாடை தாங்காமல் வீட்டார் அவரைப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் படுக்க வைத்திருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, மூன்று வேளையும் சோறு போனது, யாராலும் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் புண்ணை உப்புத்தண்ணீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நொறுக்கித் தூளாக்கி மேலே தூவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினேன். மருமகளை உட்கார வைத்து அதையே தினமும் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது கட்டில் வீட்டுக்குள் நடுக்கூடத்தில் இருந்தது. பேரன் அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். மாத்திரையின் விலை சில ரூபாய்.

நீங்கள் அந்தப் பெரியவர் கையில் நரம்பு தேடினீர்களே, அந்தக் கை உள்ளவர்தான் இந்த வேலைக்கு வேண்டும் அக்கா. சின்ன வயதில் இந்த வேலையைத் தாங்குவது கஷ்டம். பக்கத்தில் டாக்டர் கிடையாது, மானிட்டர் கிடையாது, வீட்டு ஆட்கள் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். அந்த முகம் பதறாமல் இருக்க இருபது வருட வார்டு வேண்டும்.

அரசுப் பக்கமும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வட்டாரத்துக்கு நோய்த்தணிப்பு செவிலியர் இருக்கிறார். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்தத்துக்கு எடுக்கும்போது அறிவிப்பு வரும், நலவாழ்வு மையங்களுக்கும் எடுக்கிறார்கள். நான் பார்த்த அறிவிப்புகளில் செவிலியருக்கு 18,000 சம்பளம், வயது 50 வரை என்று இருந்தது. பதவிக்குப் பதவி வயது வரம்பு மாறும், அதனால் ஒவ்வொன்றையும் முழுதாகப் படியுங்கள். ஒப்பந்த வேலை என்பதையும் மறக்க வேண்டாம். கொரோனாவுக்காக 2020-ல் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போதும் என்று சொன்னதை நாம் எல்லோரும் பார்த்தோம்.


நாஞ்சில்_நர்ஸ்
செவ்வாய், காலை 7:25

நான் சவூதியில் 17 வருடம் இருந்துவிட்டு 50 வயதில் நாகர்கோவிலுக்குத் திரும்பினேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் 12,000 தருகிறேன் என்றார்கள். ஏதோ ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸாகவும் மூன்று மாதம் போனேன். அதைப் பற்றி எச்சரிக்கிறேன். வீட்டார் ஏஜென்சிக்கு 28,000 கொடுத்தார்கள், என் கைக்கு வந்தது 16,000. நோயாளியைப் பார்க்கப் போனவளைப் பாத்திரம் தேய்க்கவும் சொன்னார்கள். படித்த நர்ஸையும் பயிற்சியே இல்லாத உதவியாளரையும் ஒரே பெயரில் அனுப்புவதால் வரும் வினை இது. போவதானால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், எங்கே தூக்கம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்போது தனியாகச் செய்கிறேன். எங்கள் ஊரில் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் அதிகம். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் மாற்றுவது, படுக்கைப்புண் கட்டு. ஒரு முறைக்கு 600, தூரம் என்றால் ஆட்டோ தனி. நல்ல மாதத்தில் 22,000 வரும், மழை மாதத்தில் 14,000. இரண்டு டாக்டர்கள் கேஸ் அனுப்புகிறார்கள். டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு ஊசியும் போட மாட்டேன், தெருக்காரர்கள் காய்ச்சல் என்று கெஞ்சினாலும். அந்த ஒரு கட்டுப்பாட்டை விட்டால் போலி மருத்துவர் வழக்கில் கொண்டு போய் நிறுத்திவிடுவார்கள்.

இந்த வயதில் மறுபடி வளைகுடா போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் சிஸ்டர். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போடும் நர்ஸ் அறிவிப்புகளிலும் நம் வயதுக்கு இடம் அரிது, வெளி ஏஜென்ட் வயதை மறைத்து அனுப்புகிறேன் என்று பணம் கேட்பான்.


ஏழாம்_வார்டு
வியாழன், இரவு 9:50

எல்லோருக்கும் ஒவ்வொருவராக நன்றி சொல்ல நினைத்தேன், எழுத உட்கார்ந்தால் கண்ணீர்தான் வருகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கள் இரவே மெயில் போட்டேன், மேட்ரன் அம்மா சொன்ன நான்கு வரியைக் கொஞ்சம் மாற்றி. செவ்வாய் காலை அந்தப் பையன் கூப்பிட்டான். "மெயில் எல்லாம் எதற்கு மேடம், பேசித் தீர்த்துக்கலாமே" என்றான். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் தம்பி என்றேன். அதற்குப் பிறகு மாதக் கடைசி என்ற பேச்சே வரவில்லை. நேற்று புது ரோஸ்டர் போட்டார்கள், எனக்குத் தொடர்ந்து ஏழு நைட். சங்கத்து அண்ணனிடம் தனியாகக் கேட்டேன், ரோஸ்டரைக் குறித்து வைத்துக்கொண்டு, முட்டிக்கு எலும்பு டாக்டரிடம் சீட்டு வாங்கி மனுவோடு கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மூன்று பேரையும் போனில் பிடித்தேன். யாருக்கும் கிராஜுவிட்டி வரவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே ஒருத்திக்குத் தெரியாது, அவளுக்கு 19 வருடம். வரும் சனிக்கிழமை மூன்று பேரும் என் வீட்டுக்கு வருகிறார்கள், மனு எழுத.

கவுன்சில் பதிவு பார்த்தேன். காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருக்கிறது. புதுப்பிக்கப் பெண் உட்கார்ந்து ஆன்லைனில் போட்டுக்கொண்டிருக்கிறாள். டேப்லெட்டுக்கும் அவள்தான் டீச்சர், இன்றைக்கு 14 நோயாளிக்கு நேரத்தில் ஏற்றிவிட்டேன், ஒரு சிவப்புகூட இல்லை.

இந்த இடத்தில் இன்னும் எத்தனை நாள் விடுவார்கள் என்று தெரியவில்லை. விட்டாலும் 58 வரை இங்கே மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இருக்குமா என்பதும் தெரியவில்லை. போனால் என் கணக்கை வாங்கிக்கொண்டுதான் போவேன். தஞ்சாவூர்த் தங்கச்சி, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "போய்ப் பார்த்துட்டு வா" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். ஒரு நாள் உங்கள் வேனில் கூட வந்து பார்க்க விடுவார்களா? வந்தால் என்ன உடுத்த வேண்டும், வெள்ளைப் புடவையா, சுடிதார் போதுமா?


கதவு_தட்டுபவள்
வியாழன், இரவு 10:14

வாருங்கள் அக்கா, எங்கள் டாக்டரிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். பழைய பேருந்து நிலையத்துக்குக் காலை எட்டரைக்கு வந்துவிட்டால் வேன் ஏற்றிக்கொள்ளும். சுடிதார் போதும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்ற வேண்டும், அதனால் பின்வார் இல்லாத செருப்பாகப் போட்டு வாருங்கள். மதியச் சாப்பாடு கட்ட வேண்டாம், நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொண்டு வருகிறேன்.